மிச்சத்தச் சொல்லுங்க

துடியலூரில் ஞானாபரணம் வீட்டுச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு புது டி.வி. நிற்கிறது. மாட்ட வந்த கடை ஆள், நிறம் எவ்வளவு துல்லியமாக வருகிறது என்று காட்ட மயிலையும் அருவியையும் ஓட விட்டுப் பெருமையாகப் பார்த்தான். ஞானாபரணம் மரியாதைக்குத் தலையாட்டினார். அவன் படியிறங்கிய உடனே கறுப்பு வெள்ளையில் கேரி கூப்பர் நடித்த பழைய ஹாலிவுட் படத்தைப் போட்டார்.

பக்கத்து வீட்டுச் சீனிவாசலு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"ஏனுங் சார், புது டி.வி.ல கலரு வரலீங்களா? வாரண்டி இருக்குமுங்க, உடனே போன் போடுங்க."

"அது அப்பிடித்தானுங்க வரும். படமே அந்தக் காலத்துது."

"அந்தக் காலத்துப் படத்தப் பாக்கறதுக்கு இத்தாப் பெரிய டி.வி.ங்களா?"

ஞானாபரணம் சிரித்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார். டி.வி. அவருக்காக வாங்கியதல்ல. மூன்று வருஷமாக மெல்போர்னில் மகள் டீனாவின் வீட்டில் இருக்கும் மனைவி அருள்செல்வி கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறாள், அவளுக்காக வாங்கியது. அவளுடைய விசா ஜனவரியோடு முடிகிறது. அதற்கு மேல் அம்மா இங்கே இருக்க முடியாதுங்கப்பா என்று டீனாவே போனில் சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இவர் வாசலில் நட்சத்திரம் கட்டி, மெத்தைக்கு உறை மாற்றி, பழைய டி.வி.யைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அருள்செல்வி வருவாளா மாட்டாளா என்பதைத் தவிர அவருக்கு இன்றைய தேதியில் வேறு கவலை கிடையாது. முட்டி வலி, சர்க்கரை எல்லாம் கவலையில் சேர்த்தி இல்லை.

ஞானாபரணம் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலிக்கு இருந்த குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கக் கோயமுத்தூர் வந்தார். ஒரு கிறிஸ்துமஸ் லீவில் ஊருக்குப் போக வழியில்லாத பிள்ளைகளை ஹாஸ்டல் வார்டன் வரிசையாக நடத்திக்கொண்டு போய் ஒரு இங்கிலீஷ் படத்துக்குக் கூட்டிப்போனார். நெட்டையாக ஒருத்தர் குதிரையிலிருந்து இறங்கி, பேசலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் பேசாமலேயே மறுபடியும் ஏறிப் போனார். பெரிய ஆட்கள் எல்லாரும் சத்தம் போடுகிறவர்கள் என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைக்கு அது அதிசயமாக இருந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி இங்கிலீஷ் படம் எங்கே ஓடினாலும் அங்கே போனார்.

பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றார். அவருடைய இங்கிலீஷ், பைபிளும் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக்கும் சேர்ந்து கொடுத்த இங்கிலீஷ். இரண்டிலும் இல்லாத பேச்சு ஹாலிவுட் படத்தில் நிறைய இருந்தது. காது கைவிட்ட இடத்தில் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கப் பழகிய பிறகுதான், இந்த முகத்தை எத்தனை நேரம் காட்டலாம் என்று முடிவு செய்கிற ஆள் ஒருத்தர் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறார் என்பது அவருக்கு உறைத்தது. அன்றிலிருந்து நட்சத்திரத்தின் பெயரோடு டைரக்டர் பெயரையும் தேடிப் படித்தார். ஜான் ஃபோர்டு படம் என்றால் திரை முழுக்க வானம், லுபிட்ச் படம் என்றால் சாத்தின கதவுக்குப் பின்னால் நடக்கிற சரசம். கம்பெனியில் இதையெல்லாம் சொன்னால் கேட்க ஆள் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

கேட்க ஆள் கிடைத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அருள்செல்வி சத்தியமங்கலத்துக்காரி. எட்டாவது வரை படித்தவள், அதுவும் தமிழில். கேபிள் வந்த புதிதில் ஒரு சேனல் இருந்தது. பகலெல்லாம் கார்ட்டூன், பொழுது சாய்ந்து பிள்ளைகள் தூங்கின பிறகு பழைய ஹாலிவுட் படம். டீனாவைத் தூங்கப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அருள்செல்வி, "என்ன சொல்றானுங்க அவன்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். அப்படி ஆரம்பித்ததுதான், இருபத்தைந்து முப்பது வருஷம் ஓடியது.

ஞானாபரணத்தின் மொழிபெயர்ப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அதில் வருகிற அமெரிக்கா முழுக்கவே அவினாசிக்கும் அன்னூருக்கும் நடுவில் இருக்கும். துப்பாக்கியை நீட்டுகிற கொள்ளைக்காரன், "சித்தே கையத் தூக்குங்க, இல்லீன்னா சுட்டுப்போடுவனுங்க" என்பான். தூக்கு மேடையில் நிற்கிறவன், "செரிங்க, ஆகட்டுமுங்க" என்பான். வெள்ளைக்காரர்கள் இவ்வளவு மரியாதைப்பட்டவர்களா என்று அருள்செல்விக்கு ஆச்சரியம். பின்னால் மெல்போர்ன் போய் இறங்கினபோது, விமான நிலையத்தில் ஒரு ஆபீசர் அவளிடம் ஒற்றை வார்த்தையில் பேசினதைக் கேட்டு, இவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை இல்லை போல என்று கணவன் காதில் முணுமுணுத்தாள்.

அவளுடைய ரசனை லேசுப்பட்டதில்லை. கேரி கூப்பரைப் பார்த்ததும், "இவரு பதில் சொல்றதுக்குள்ள நம்ம சோறே வடிச்சுடலாமுங்க" என்றாள். பெட்டி டேவிஸைப் பார்த்து, "இந்த அம்மணி சிகரெட்டுப் புடிக்கறப்பக் கூட ஏதோ கணக்குப் போட்டுட்டே இருக்குது" என்றாள். லுபிட்ச் படத்தில் கதவு சாத்திக்கொண்டபோது இவர் விளக்க வாயெடுக்கும் முன்பே, "வேண்டாங்க, புரிஞ்சுது" என்று வெட்கப்பட்டாள். கண்ணால் பார்க்க வேண்டியதை எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். பேச்சுக்கு மட்டும்தான் இவர் வேண்டியிருந்தது.

அந்தப் பேச்சில்தான் ஒரு நாள் தப்பு நடந்தது.

பெரிய ஸ்டார் யாரும் இல்லாத சின்னப் படம். ஒரு சிற்றூர் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் அந்த ஊர் டீச்சருக்கும் பிரியம். டீச்சரின் அக்கா தொலைதூரத்தில் செத்துப்போகிறாள், அக்காவின் பிள்ளைகளை வளர்க்க இவள் கிளம்பிப் போகிறாள். கடைசிக் காட்சியில் அவள் ரயில் ஜன்னலில், அவன் பிளாட்பாரத்தில். எனக்காகக் காத்திருக்காதீர்கள், குட்பை என்கிறாள். ரயில் நகர்கிறது. தி எண்ட்.

ஞானாபரணத்துக்கு இங்கிலீஷ் நன்றாகவே புரிந்தது. பக்கத்தில் பார்த்தார். அருள்செல்வி முந்தானையைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அந்த முகத்திடம் போய், காத்திருக்க வேண்டாமாம் என்று எப்படிச் சொல்ல? வாயில் வந்ததைச் சொன்னார்.

"வெயில்ல நிக்காதீங்க, வாரேனுங்க-ங்கறா."

குட்பைக்கு வாரேன் என்பதில் தப்பு ஒன்றும் இல்லை. வாசல்படி தாண்டுகிற எந்த மனிதனாவது நம் பக்கம் போறேன் என்று சொல்லுவானா? சொன்னால் வீட்டில் இருக்கிறவர்கள் வாயை மூடச் சொல்லுவார்கள். ஆனால் வாரேன் என்று சொன்னால் கேட்கிறவளுக்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது, அதை ஞானாபரணம் யோசிக்கவில்லை.

"அப்பறம் வந்தாளுங்களா?"

டி.வி.யில் எழுத்து ஓடி முடிந்து விளம்பரம் வந்துவிட்டது. அவள் இவர் முகத்தையே பார்த்தாள்.

"வந்துட்டா, வந்துட்டா. அதயெல்லாம் படத்துல காட்ட மாட்டாங்க அம்மணி. நாமளாத் தெரிஞ்சுக்கணும்."

"எப்ப வந்தா? எப்பிடி வந்தா? மிச்சத்தச் சொல்லுங்க."

சொன்னார். வெள்ளிக்கிழமை ரயிலில் வந்தாள் என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் அன்றைக்குப் பார்த்து லீவு, வேறொருத்தன் கொடி காட்டினான், அவள் பதறிப்போய் வீட்டைத் தேடிப் போனாள் என்று இழுத்தார். சொல்லச் சொல்ல அவருக்கே ருசி பட்டுவிட்டது. அருள்செல்வி எழுந்து போய் டீ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள்.

அதற்குப் பிறகு எந்தப் படமும் தி எண்டோடு முடிந்ததில்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் தணிக்கை விதி கடுசு. தகாத பிரியம் வைத்தவர்கள் கடைசி ரீலில் பெரும்பாலும் பிரிய வேண்டும், இல்லை சாக வேண்டும். அதனால் துறைமுகத்தில், ரயிலடியில், ஆஸ்பத்திரி வாசலில் குட்பை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பேரையும் ஞானாபரணம் வாரேன் என்று சொல்ல வைத்து அனுப்பினார், அனுப்பினவர்களை டீ கொதிப்பதற்குள் திருப்பிக் கூட்டி வந்தார். வீட்டில் அதற்கு மிச்சம் என்று பேர். கல்யாண வாழ்க்கையில் அவர்கள் நெருக்கமாக உட்கார்ந்திருந்த நேரம் எது என்று கேட்டால், இரண்டு பேருமே இந்த மிச்சத்தைத்தான் சொல்வார்கள்.

டீனா நர்சிங் படித்து, மெல்போர்னில் வேலை வாங்கி, அங்கேயே குடும்பமானாள். அவளுடைய மூத்த குழந்தை கிருபா. இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவும் அப்பாவும் வந்தே ஆகவேண்டும் என்றதும் கிளம்பினார்கள். போன முதல் சனிக்கிழமையே அங்கே டி.வி.யில் ஒரு பழைய படம். ஞானாபரணம் உற்சாகமாக உட்கார்ந்து, வழக்கம்போல மனைவியின் காதோரம் ஆரம்பித்தார். தரையில் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்த கிருபா தலையைத் தூக்கினாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. தமிழும் வரும், இங்கிலீஷ் இவரைவிட நன்றாக வரும்.

"தாத்தா, அவங்க அப்படிச் சொல்லல."

"நீ சும்மா இரு கண்ணு," என்றாள் அருள்செல்வி. "தாத்தாவுக்குத் தெரியாததா? நீங்க சொல்லுங்க."

அந்த 'நீங்க சொல்லுங்க' தான் அவரைச் சாய்த்தது. குழந்தை திருத்தினதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவள் நம்பினாள். தி எண்ட் வரும்போது இந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? தலைவலி என்று சொல்லி டி.வி.யை அணைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பழைய படம் போடவில்லை. படம் இல்லாமல் அவருக்கு அங்கே வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. குளிர் முட்டியைப் பிடிக்கிறது என்றார். பிரசவம் நல்லபடி முடிந்து பேரன் ஜேக் பிறந்ததும், நீ இருந்து குழந்தையைப் பார்த்துவிட்டு வா என்று தனியாகக் கிளம்பிவிட்டார்.

விமான நிலையத்தில் அருள்செல்வி கைக்குழந்தையோடு நின்றாள். "முன்னால போங்க, பின்னாலயே நானும் வாரேனுங்க" என்றாள்.

பின்னாலேயே என்பது மூன்று வருஷம் ஆகிவிட்டது. முதலில் ஜேக் கைக்குழந்தை. பிறகு டீனாவுக்கு ஷிப்ட் மாறியது. பிறகு கிருபாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர ஆள் இல்லை. எல்லாம் நியாயமான காரணம்தான், அதனால் யாரோடும் சண்டை போட முடியவில்லை.

இங்கே வந்து ஞானாபரணம் படம் பார்க்காமல் இல்லை. இப்போதுதான் எல்லாம் இன்டர்நெட்டில் கிடைக்கிறதே. பார்ப்பார். நடுவில் வாய் தானாக அசையும். "ஏனுங்க நீங்க பாட்டுக்குக் கெளம்பிட்டா…" என்று ஆரம்பித்து, பக்கத்து நாற்காலியில் மடித்துப் போட்ட துணி இருப்பதைப் பார்த்து நிறுத்துவார். தி எண்ட் வரும். வீடு அப்படியே இருக்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் முனகும். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஒரு தடவை, சரி, நமக்கு நாமே சொல்லிப் பார்க்கலாம் என்று மிச்சத்தை வாய்விட்டு ஆரம்பித்தார். வெறும் வீட்டில் தன் குரலைக் கேட்டுப் பயம் வந்து பாதியில் விட்டுவிட்டார். கேட்க ஆள் இல்லாமல் போனால் திரும்பி வருகிற ஒருத்தியைக் கூட அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

சீனிவாசலுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தும் பார்த்தார். அந்த மனிதர் நல்லவர், முறுக்கும் கொண்டுவந்தார். ஆனால் பத்து நிமிஷத்தில், "சண்டையே இல்லீங்களா?" என்று கேட்டார். அப்புறம் குறட்டைதான். தி எண்ட் வந்ததும் விழித்து, "நல்ல படமுங்க" என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு போனார். அப்புறம் வந்தாளா என்று கேட்கவில்லை. கேட்கிறவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைச்சல் என்று ஞானாபரணத்துக்கு அன்றைக்குத் தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் இவர் கோயில் ஆராதனை முடிந்து வந்ததும் அருள்செல்வி வீடியோவில் கூப்பிடுவாள். வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டு வரும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றால்தான் முகம் உடையாமல் தெரியும். டிசம்பரானாலும் அந்த நேரத்து வெயில் மண்டையைப் பிளக்கும். சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெயில்ல ஏன் நிக்கறீங்க என்று அவள் கேட்பாள். கடைசியில், "செரி, வாரேனுங்க" என்று வைப்பாள். அந்த ஒரு வாரேனில் அவர் அடுத்த ஞாயிறு வரை ஓட்டிவிடுவார்.

விசா முடிகிறது என்று தெரிந்ததிலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த ரயிலடிப் படத்தை எங்கெங்கோ தேடி, நல்ல பிரதி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்தார். பார்க்கவில்லை. அவள் வந்து புது டி.வி.யில் முதல் படமாக அதைத்தான் போட வேண்டும். பழைய மிச்சம் போதாது என்று புது மிச்சம் ஒன்றையும் மனசுக்குள் ஜோடித்தார். சமைக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அதையே செதுக்கினார். இந்தத் தடவை டீச்சரம்மா வருவதைக் கேட்டு அருள்செல்வி எழுந்து டீ வைக்கவே மறந்துவிட வேண்டும்.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. வழக்கத்தைவிடத் தாமதமாகப் போன் வந்தது. அவர் மாடிக்கு ஓடினார். திரையில் அருள்செல்வி தனியாக இருந்தாள். பின்னால் சமையலறை அலமாரி தெரிந்தது.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டா உண்மையச் சொல்லுவீங்களா?"

"என்ன அம்மணி?"

"நேத்து மனசே செரியில்லீங்க. நம்ம ரயிலடிப் படத்தப் போட்டுக் காட்டு கண்ணுன்னு கிருபாகிட்ட கதையச் சொன்னேன். அவ எப்பிடியோ தேடி எடுத்துட்டா. ரெண்டு பேருமாப் பாத்தோம்."

ஞானாபரணம் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுவர் சுட்டது.

"முடிஞ்சதும் நான் அவகிட்ட, இனித்தான் கண்ணு இருக்குது, டீச்சரம்மா வெள்ளிக்கெழம வண்டில வருவாங்கன்னு சொன்னனுங்க. அந்தப் புள்ள என்னையவே பாக்குது. இல்ல பாட்டி, அவங்க வரவே மாட்டாங்கங்குது. வாரேன்னு சொன்னாளேன்னு நான் சண்டைக்குப் போனேன். குட்பைன்னா வாரேன் இல்லையாமா. அப்பறம், வெயில்ல நிக்காதீங்கன்னும் அவ சொல்லலையாமா. எனக்காகக் காத்துட்டு இருக்காதீங்கன்னு சொன்னாளாமா."

அவள் நிறுத்தினாள்.

"நெசமுங்களா?"

"ஆமா அம்மணி."

"அப்பக் கப்பல்ல போனாளே, அவ?"

"அவளும் வரல."

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாளே, வெள்ளக் கவுனு?"

"ஒருத்தரும் வரல அருளு. எல்லாம் நானாச் சொன்னதுதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட இருந்தது. அருள்செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள்.

"அத்தன பொம்பளைங்களையும் நீங்க ஒருத்தராவே கூட்டிட்டு வந்தீங்களாக்கும்."

பக்கத்து மாடியில் சீனிவாசலு வீட்டில் காயப்போட்ட வேட்டிகள் படபடத்தன. அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள். இப்போது அவள் கேமராவைப் பார்க்காமல் கீழே பார்த்தாள்.

"டீனா வேற விசாவுக்கு எழுதிப் போட்டிருக்குதுங்க. இங்கயே இருக்கறதுக்கு. அவளுக்கு நைட்டு டூட்டி. ஜேக்கு என்னைய உட்டாத் தூங்கவே மாட்டேங்கறான். நான் டிக்கெட்டு எடுக்கச் சொல்லத்தானுங்க போனேன். அவன் காலக் கட்டிட்டு நின்னான். நானும் செரின்னுட்டேன்."

புது டி.வி.யும் நட்சத்திரமும் மெத்தை உறையும் ஒன்றன் பின் ஒன்றாக அவருக்கு ஞாபகம் வந்தன. வா என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று இருந்தது. ஆனால் எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது? இங்கே கூடத்தில் ஒரு கிழவன் ஊமைபோலப் படம் பார்க்கிறான் என்றா?

"செரி அம்மணி," என்றார்.

"நீங்க இங்க வந்துடுங்களேன்."

"அங்க குளுரு. முட்டிக்கு ஆகாது."

"முட்டிங்களா, கிருபாவுங்களா?" அவள் இப்போது நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு அந்தப் புள்ள சொன்னதுக்குத்தான் கெளம்பிப் போனீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீங்க சொன்னது செரியா தப்பான்னு யாருங்க கேட்டா?"

மூன்று வருஷமாக ஞானாபரணம் தன்னிடமே ஒளித்து வைத்திருந்ததை அவள் அடுப்படியில் நின்றுகொண்டு சாதாரணமாக எடுத்துப் போட்டுவிட்டாள். தப்பு முழுக்கத் தன் பேரில்தான் என்று அவருக்கு வலித்தது. அப்போதும் வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வீம்பு என்றால் வீம்புதான்.

"செரி, அது கெடக்குது," என்றாள் அருள்செல்வி. அலமாரியில் சாய்ந்துகொண்டாள். "மிச்சத்தச் சொல்லுங்க."

"என்ன மிச்சம்? அதான் வரலைன்னு தெரிஞ்சுபோச்சே."

"படத்துல வரல. நீங்க சொல்லுங்க."

வெயில் அவர் நெற்றியில் நேராக அடித்தது. கிறிஸ்துமஸுக்கு என்று செதுக்கி வைத்திருந்ததை, மாடியில் நின்று, கையில் போனைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். டீச்சரம்மா அக்கா பிள்ளைகளை வளர்த்தாள். பெரியதுகள் வளர்ந்துவிட்டன, கடைக்குட்டிதான் விடவில்லை. அவனுக்கு ஷூ மாட்டி லேஸ் கட்டி விடுவது அவள்தான். ஒரு நாள் காலையில் அவள் குனிந்தபோது, நானே கட்டிக்கிறேன் சித்தி என்று அவனே கட்டிவிட்டான். முடிச்சு கோணல்தான், ஆனால் அவிழவில்லை. அன்றைக்கு மத்தியானமே டீச்சரம்மா பெட்டியை எடுத்தாள்.

"ரயிலு வந்துச்சு. ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தலையெல்லாம் நரைச்சுப்போச்சு. கண்ணுல வெயில் அடிக்குது, எறங்கறது யாருன்னு தெரியல. கொடியச் சுருட்டிட்டுத் திரும்பறாரு. பின்னால சத்தம். இன்னும் வெயில்லதான் நிக்கறீங்களான்னு."

நிறுத்தினார். அருள்செல்வி கண்ணைத் துடைக்காமல் அப்படியே இருந்தாள்.

"ஏனுங்க, லேசு கட்டறதுக்குப் புள்ளைகளுக்கு எத்தன வயசாவும்?"

"ஆறு ஆவும். சிலதுக ஏழு."

ஜேக்குக்கு மூன்று நடக்கிறது. அங்கே உள்ளே எங்கேயோ குழந்தை தூக்கம் கலைந்து அழுவது கேட்டது. அருள்செல்வி திரும்பிப் பார்த்து, வந்துட்டேன் கண்ணு என்று குரல் கொடுத்தாள். பிறகு போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க. வாரேனுங்க."

திரை இருண்டது. அந்த வார்த்தைகளுக்கு இங்கிலீஷில் என்ன அர்த்தம் என்று இப்போது இரண்டு பேருக்குமே தெரியும். ஞானாபரணம் தொட்டிச் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.